கடைசிக் கல் யாருடையது?

சந்தாபுரா சந்திப்பைக் கடந்து ஆனேக்கல் பக்கமோ ஜிகணிப் பக்கமோ செல்லும் லாரிகளைப் பார்த்தவர்களுக்குக் கருங்கல்லின் பெருமையைச் சொல்லத் தேவையில்லை. கிருஷ்ணகிரிச் சீமையிலிருந்தும் கர்நாடகத்தின் பல மாவட்டங்களிலிருந்தும் வந்து சேரும் பாறைத் துண்டுகள் ஜிகணித் தொழிற்பேட்டையின் பட்டறைகளில் அறுபட்டு, மெருகேறி, உலகின் பல நாடுகளுக்குக் கப்பலேறுகின்றன. நம் வாடிக்கையாளர்களில் பலருக்கு வாழ்வளிப்பது இந்தக் கல்தான். அறுப்பவர், மெருகிடுபவர், ஏற்றுமதிக் கணக்கு எழுதுபவர், லாரி ஓட்டுபவர் என்று அந்த வரிசை நீளும்.

இதே கருங்கல்லை நம்பி வாழ்நாளைச் செலவிட்ட ஒரு பெண்ணைப் பற்றியும், கல்லுக்குப் பதிலாக ஒன்றரைக் கிலோ எடையுள்ள உருண்டையை நம்பிய நான்கு இந்தியப் பெண்களைப் பற்றியும் இந்த இதழில் எழுதுகிறோம். முன்னவர் ஸ்காட்லாந்தின் ஈவ் மியூர்ஹெட். அவர் ஆடியது பனித்தரையில் கல்லைச் சறுக்கவிடும் கர்லிங். நம்மவர்கள் ஆடியது அதன் புல்தரை உறவான லான் பௌல்ஸ். இரு அணிகளும் வாழ்வின் மிகப் பெரிய வெற்றியை 2022ஆம் ஆண்டிலேயே கண்டன. ஒன்று பிப்ரவரியில், மற்றொன்று ஆகஸ்டில்.

முதலில் ஆட்டத்தைச் சொல்லிவிடுவோம். கர்லிங் ஆடுகளம் ஏறத்தாழ 45 மீட்டர் நீளமுள்ள பனிப்பாதை. அதன் மறுமுனையில் வட்டத்துக்குள் வட்டமாக வரைந்த இலக்கு இருக்கும். அதற்கு 'வீடு' என்றே பெயர். அணிக்கு நால்வர். ஒவ்வொருவரும் சுற்றுக்கு இரண்டு கற்கள் எறிவர். எனவே அணிக்கு எட்டு, மொத்தம் பதினாறு கற்கள். வீட்டின் நடுப்புள்ளிக்கு எவருடைய கல் மிக அருகில் இருக்கிறதோ அந்த அணிக்கு மட்டுமே அந்தச் சுற்றில் புள்ளி. எதிரணியின் மிக அருகிலுள்ள கல்லைவிட உள்ளே எத்தனை கற்கள் நிற்கின்றனவோ அத்தனை புள்ளிகள். கோலிக்குண்டு ஆடி வளர்ந்தவர்களுக்கு இதில் புரியாதது எதுவும் இல்லை. எதிராளியின் குண்டைத் தட்டிவிடலாம், நம் குண்டுக்குக் காவலாக இன்னொன்றை முன்னே நிறுத்தலாம். கடைசிக் கல்லை எறியும் உரிமை எவருக்கோ அவருக்கே அனுகூலம். ஆட்டத்தின் சூழ்ச்சி முழுவதும் அந்த ஒரு கல்லைச் சுற்றியே நடக்கிறது.

அந்தக் கல்லின் எடை 17 கிலோவுக்கு மேல், 20 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ஆடவருக்கும் மகளிருக்கும் ஒரே கல்தான். ஒலிம்பிக் போட்டிகளுக்கான கற்கள் ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலில் தனித்து நிற்கும் ஐல்சா கிரெய்க் என்னும் சிறு எரிமலைத் தீவின் பாறையிலிருந்து செதுக்கப்படுகின்றன. மாக்லின் என்ற சிற்றூரில் உள்ள பட்டறை அவற்றை உருவாக்குகிறது. கட்டடக் கல்லை நாம் நிறத்துக்கும் மெருகுக்கும் மதிப்பிடுகிறோம். கர்லிங் கல்லின் மதிப்பு வேறு. அதன் அடிப்பகுதி நீரை உறிஞ்சக்கூடாது. உறிஞ்சிய நீர் பனிக்கட்டியாகி விரிந்தால் கல் உள்ளிருந்தே வெடிக்கும். அந்தத் தீவில் கிடைக்கும் நீலம் கலந்த நுண்மணிப் பாறை நீரை ஏறத்தாழ ஏற்பதே இல்லை. இன்னொரு வகைப் பச்சைப் பாறை மோதலைத் தாங்குகிறது. ஆகவே கல்லின் உடல் ஒன்று, அடி மற்றொன்று என்று இணைத்துச் செய்கிறார்கள்.

இந்தக் கல் ஏன் வளைகிறது என்பது இன்னும் அறிவியலாளர்கள் வாதாடும் செய்தி. ஓர் எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து, சற்றுச் சுழற்றி, மேசைமேல் தள்ளிப் பாருங்கள். அது சுழலும் திசைக்கு எதிர்ப்பக்கமாக வளையும். கர்லிங் கல்லோ சுழலும் திசையிலேயே வளைகிறது. ஆடுகளத்தின் மீது நீர்த்துளிகளைத் தெளித்து உறையவைத்து, அரிசி மணிகளைப் பரப்பியது போன்ற சொரசொரப்பை உண்டாக்குகிறார்கள். கல்லுக்கு முன்னே இரு வீராங்கனைகள் துடைப்பத்தால் வேகமாகத் தேய்த்துக்கொண்டே ஓடுவதை வேடிக்கையாகக் கருதுபவர் உண்டு. அந்தத் தேய்ப்பு பனியைச் சற்றே சூடாக்கி, கல்லைச் சில மீட்டர் கூடுதலாகச் செலுத்துகிறது, வளைவையும் குறைக்கிறது. எறிந்த பின்பும் திருத்திக்கொள்ள இடம் தரும் ஆட்டங்கள் அரிது.

ஈவ் மியூர்ஹெட் 1990ஆம் ஆண்டு ஏப்ரலில் ஸ்காட்லாந்தின் பெர்த் நகரில் பிறந்தவர். தந்தை கோர்டன் மியூர்ஹெட் ஆடு வளர்க்கும் விவசாயி, 1999இல் உலகப் பட்டம் வென்ற அணியில் இடம்பெற்ற கர்லிங் வீரரும்கூட. பனிக்காலத்தில் பண்ணை வேலை குறையும்போது ஆடும் ஆட்டமாகவே அந்நாட்டில் கர்லிங் பல நூற்றாண்டுகள் வளர்ந்தது. சிறுமி ஈவ் கல்லோடு நிற்கவில்லை. பேக்பைப் இசைத்தார், கோல்ஃபில் தேர்ந்தார், அமெரிக்கக் கல்லூரிகளின் கோல்ஃப் உதவித்தொகை வாய்ப்பும் வந்தது. அதைத் தள்ளிவிட்டுக் கர்லிங்கைத் தேர்ந்தெடுத்தார். வருவாயை மட்டும் பார்க்கும் எவரும் அந்தத் தேர்வைப் பரிந்துரைத்திருக்க மாட்டார்கள். கோல்ஃபில் தொழில்முறை வாழ்வு உண்டு. கர்லிங்கிலோ அக்காலத்தில் நினைத்துப் பார்க்கத்தக்க ஊதியமே இல்லை.

2007 தொடங்கி 2011க்குள் உலக இளையோர் பட்டத்தை நான்கு முறை வென்றார். 2010இல், பத்தொன்பது வயதில், வான்கூவர் ஒலிம்பிக்கில் பிரிட்டன் அணியின் தலைவியானார். கர்லிங்கில் தலைவியை 'ஸ்கிப்' என்பர். எங்கே எறிவது, எவ்வளவு வேகம், எப்போது தேய்ப்பது என்பதையெல்லாம் முடிவு செய்து, கடைசி இரண்டு கற்களையும் அவரே எறிவார். அந்த முதல் ஒலிம்பிக்கில் அணி தோற்றுத் திரும்பியது. 2013இல் ரிகா நகரில் சுவீடனை ஒரே புள்ளி வேறுபாட்டில் வென்று உலகப் பட்டம் கொண்டார். அப்போது அவருக்கு வயது 22. மறு ஆண்டு சோச்சி ஒலிம்பிக்கில் வெண்கலம்.

இதுவரை படிப்பவர்க்கு ஏறுமுகமான கதையாகவே தோன்றும். 2018இல்தான் கல் வழிமாறியது. தென்கொரியாவின் பியோங்சாங் ஒலிம்பிக்கில் அரையிறுதியில் சுவீடனிடம் தோல்வி. வெண்கலத்துக்கான ஆட்டத்தில் எதிரே சத்சுகி ஃபுஜிசாவா தலைமையிலான ஜப்பான். ஒரு புள்ளி பின்தங்கிய நிலையில், கடைசிச் சுற்றின் கடைசிக் கல் மியூர்ஹெட்டின் கையில் இருந்தது. சமன் செய்வதை விட்டு வெற்றிக்கே எறிந்தார். கல் மோதியது, ஆனால் உள்ளே நின்றது ஜப்பானின் கல். 5–3 என ஆட்டம் முடிந்தது. பதக்கம் இல்லை, நான்காம் இடம். அந்தக் கல்லை அவர் எறிந்திருக்க வேண்டுமா, பாதுகாப்பாக ஒரு புள்ளி எடுத்துக் கூடுதல் சுற்றுக்குப் போயிருக்க வேண்டுமா என்று இன்றும் பேசுகிறார்கள். எங்களுக்கு அந்த முடிவில் பிழை தெரியவில்லை. எறிவதற்கு வழி இருந்தது, சில அங்குலங்கள்தாம் இல்லை.

அதே ஆண்டில் இடுப்பில் அறுவைச் சிகிச்சை. பனித்தரையில் ஒரு காலை மடக்கி, மறுகாலைப் பின்னே நீட்டி, உடல் எடை முழுவதையும் ஒரே பாதத்தில் தாங்கிச் சறுக்கும் ஆட்டம் இது. இருபது ஆண்டுகளாக அதே அசைவைச் செய்த மூட்டு தேய்ந்துபோயிருந்தது. பழைய தோழியரும் ஒவ்வொருவராக விலகினர். 2021 உலகப் போட்டியில் எட்டாம் இடமே கிடைத்தது. ஒலிம்பிக்குக்கு நேரடியாகத் தகுதி பெற அது போதவில்லை.

பிரிட்டன் கர்லிங் அமைப்பு அப்போது ஒரு கடினமான முடிவை எடுத்தது. நிரந்தர அணி என்பதைக் கைவிட்டு, ஒன்பது பெண்களை ஒரே குழுவாகச் சேர்த்துப் பயிற்றுவித்து, மாற்றி மாற்றி ஆடவிட்டு, அவர்களிலிருந்து ஐவரைத் தேர்ந்தெடுத்தது. உலகப் பட்டம் வென்றவரும் தம் இடத்துக்காக மீண்டும் தேர்வெழுத வேண்டிய நிலை. மியூர்ஹெட் அதில் தேறினார். விக்கி ரைட், ஜெனிஃபர் டாட்ஸ், ஹெய்லி டஃப், மிலி ஸ்மித் ஆகியோர் உடன் சேர்ந்தனர். இவர்களில் விக்கி ரைட் மருத்துவமனைச் செவிலியர். கொரோனாக் காலத்தில் லார்பர்ட் ஊரிலுள்ள மருத்துவமனையில் பணியாற்றியபடியே ஆட்டத்தையும் விடாமல் வைத்திருந்தவர். பிரிட்டனில் தேசிய லாட்டரி வருவாயிலிருந்து தேர்ந்த வீரர்களுக்கு உதவித்தொகை உண்டு. ஆனாலும் ஒலிம்பிக் அணியில் இருப்பவர் இரவுப் பணிக்கும் போகிறார் என்பதே இந்த ஆட்டத்தின் பொருளாதாரத்தை நமக்குச் சொல்லிவிடுகிறது.

அணி 2021 நவம்பரில் ஐரோப்பியப் பட்டத்தை வென்றது. டிசம்பரில் நெதர்லாந்தின் லீவார்டன் நகரில் நடந்த தகுதிப் போட்டியில் கடைசி வாய்ப்பைப் பற்றிக்கொண்டு பெய்ஜிங் சென்றது. அங்கும் எளிதாக அமையவில்லை. முதற்சுற்றில் ஐந்து வெற்றி, நான்கு தோல்வி. பிரிட்டன், ஜப்பான், கனடா மூன்றும் சமநிலையில் நிற்க, அரையிறுதியில் இரண்டு இடங்களே இருந்தன. ஆட்டத்துக்கு முன் நடுப்புள்ளியை நோக்கி எறியும் தனிக் கற்களின் தூரத்தை அளந்தே முடிவு செய்யப்பட்டது. கனடா வெளியேறியது.

அரையிறுதியில் எதிரே நடப்புச் சாம்பியன் சுவீடன். முதற் சுற்றிலேயே நான்கு புள்ளிகள் பறிபோயின. கர்லிங்கில் இது ஏறத்தாழத் தோல்விக்குச் சமம். பலர் அத்துடன் தொலைக்காட்சியை அணைத்திருப்பார்கள். பத்துச் சுற்றுகளும் முடிந்து கூடுதல் சுற்றுக்கும் போன அந்த ஆட்டம் 12–11 எனப் பிரிட்டன் பக்கம் முடிந்தது. பிப்ரவரி 20ஆம் நாள் இறுதியாட்டம். எதிரே நின்றது அதே ஜப்பான், அதே ஃபுஜிசாவா. நான்காண்டுகளுக்கு முன் கைநழுவிய கல்லுக்கு அன்று விடை கிடைத்தது. ஏழாவது சுற்றில் மட்டும் நான்கு புள்ளிகள், முடிவில் 10–3. அந்தக் குளிர்கால ஒலிம்பிக்கில் பிரிட்டன் பெற்ற ஒரே தங்கம் அதுவே. ஆறு மாதங்களில், முப்பத்திரண்டு வயதில், மியூர்ஹெட் ஓய்வை அறிவித்தார். பின்னர் 2026 மிலான்–கோர்ட்டினா ஒலிம்பிக்குக்கான பிரிட்டன் அணி முழுவதற்கும் பொறுப்பாளராக நியமிக்கப்பட்டார்.

அவர் ஓய்வை அறிவித்த அதே ஆகஸ்டில்தான், பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில், பெரும்பாலான இந்தியர்கள் பெயரே கேட்டிராத ஓர் ஆட்டத்தில் நம் நாட்டுக்குத் தங்கம் வந்தது.

லான் பௌல்ஸில் பனியும் இல்லை, துடைப்பமும் இல்லை. மற்றபடி உறவு நெருக்கமானது. அணிக்கு நால்வர், ஆளுக்கு இரண்டு உருண்டைகள், தலைவி கடைசியில் எறிவார், ஒரு சுற்றில் ஓர் அணிக்கே புள்ளி. நடுப்புள்ளிக்குப் பதில் 'ஜாக்' எனப்படும் சிறு பந்து இலக்கு. அதையும் உருட்டித்தான் நிறுத்துகிறார்கள், ஆகவே இலக்கே ஒவ்வொரு சுற்றிலும் இடம் மாறும். உருண்டை முழு வட்டமாக இராது. ஒரு பக்கம் சற்றே சரிந்து செய்யப்பட்டிருப்பதால், வேகம் குறையக் குறைய வளைந்துகொண்டே போகும். நேராகக் குறிபார்த்து எறிபவருக்கு இந்த ஆட்டத்தில் இடமில்லை.

1930இல் ஹாமில்டனில் நடந்த முதல் போட்டி தொடங்கி, 1966 ஒன்றைத் தவிர, எல்லாக் காமன்வெல்த் போட்டிகளிலும் இந்த ஆட்டம் இடம்பெற்று வந்திருக்கிறது. இந்தியாவில் அது பழைய மனமகிழ் மன்றங்களின் வேலிக்குள் இருந்தது. டெல்லியில் 2010 காமன்வெல்த் போட்டி நடந்தபோது, போட்டியை நடத்தும் நாடு என்ற முறையில் நமக்கும் ஓர் அணி தேவைப்பட்டது. வேறு ஆட்டங்களில் காயம்பட்டும் வாய்ப்பிழந்தும் நின்றவர்கள் இங்கே வந்து சேர்ந்தார்கள்.

ராஞ்சியைச் சேர்ந்த லவ்லி சௌபே ஓட்டப்பந்தய வீராங்கனையாக இருந்தவர், காயத்தால் ஓட முடியாமல் போனது. நிலக்கரி நிறுவனத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற தந்தையின் மகள். மதுகாந்த் பாடக் என்ற கிரிக்கெட் நடுவர் 2008இல் இந்த ஆட்டத்தை அறிமுகப்படுத்தினார். ஒரு தேசியப் போட்டியில் 70,000 ரூபாய் பரிசு கிடைத்தது. இதைத் தொடரலாம் என்ற நம்பிக்கை அந்தத் தொகையால் வந்ததாக லவ்லியே பின்னர் கூறியிருக்கிறார். இதை நாம் சிறிதாக எண்ணுவதற்கில்லை. ஒரு நடுத்தரக் குடும்பத்துப் பெண் தன் வீட்டாரிடம் 'இன்னும் ஓராண்டு ஆடிப் பார்க்கிறேன்' என்று கேட்பதற்கு, பாராட்டைவிட வங்கிக் கணக்கில் வரவு வைக்கப்பட்ட ஒரு தொகை பெரிய துணை. பின்னர் அவர் ஜார்க்கண்ட் காவல்துறையில் காவலரானார்.

அசாமின் கோலாகாட் மாவட்டத்து நயன்மோனி சைக்கியா பளு தூக்கியவர். காலில் ஏற்பட்ட காயம் அவரையும் இங்கே கொண்டுவந்தது. டெல்லியின் பிங்கி கிரிக்கெட் ஆடியவர், பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. 2010 போட்டிக்கான பயிற்சிக் களம் அவர் பணியாற்றிய பள்ளியிலேயே அமைந்தது. அணியின் தலைவி ரூபா ராணி திர்க்கி ராஞ்சிக்காரர், மாநில விளையாட்டுத் துறையில் பணி. காவலர், ஆசிரியை, அரசுப் பணியாளர் என்று நம் வங்கியின் எந்தக் கிளைக்குள் நுழைந்தாலும் வரிசையில் நிற்கக்கூடியவர்கள்தாம் நால்வரும்.

ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் அவர்கள் பதக்கமின்றிக் காமன்வெல்த் களங்களிலிருந்து திரும்பியிருக்கிறார்கள். இத்தகைய ஆண்டுகளை எவரும் எழுதுவதில்லை. விடுப்புக்கு விண்ணப்பம், பயிற்சி முகாம், மீண்டும் பணி, மீண்டும் விடுப்பு. மேலதிகாரி ஒருவர் 'அது என்ன ஆட்டம்' என்று கேட்கும்போதெல்லாம் முதலிலிருந்து விளக்க வேண்டும். ஓர் ஆட்டத்தை ஆடுவதைவிட அதைத் தொடர்ந்து விளக்கிக்கொண்டிருப்பது சோர்வு தரும் வேலை என்றே எங்களுக்குத் தோன்றுகிறது.

போட்டி நடந்தது பர்மிங்காமுக்கு அருகே லெமிங்டன் ஸ்பா என்னும் ஊரின் விக்டோரியா பூங்காவில். அரையிறுதியில் இந்த ஆட்டத்தின் பெருங்குடும்பங்களில் ஒன்றான நியூசிலாந்து. தொடக்கத்திலேயே 0–5 எனப் பின்தங்கிய இந்திய அணி, 16–13 என வென்றது. ஆகஸ்ட் 2ஆம் நாள் இறுதியாட்டத்தில் தென்னாப்பிரிக்கா. 8–2 என முன்னிலை பெற்ற நம்மவர்களைத் தென்னாப்பிரிக்கா எட்டிப்பிடித்தது. பெய்ஜிங்கில் சுவீடன் நான்கு புள்ளிகள் எடுத்ததைப் போன்ற ஒரு கணம் இங்கும் வந்துவிட்டது. கடைசிச் சுற்றுகளில் இந்தியா மீண்டும் விலகிச் சென்றது. லவ்லி தொடங்கிவைக்க, பிங்கியும் நயன்மோனியும் இடம் பிடிக்க, ரூபா ராணியின் கடைசி உருண்டைகள் வேலையை முடித்தன. 17–10. காமன்வெல்த் போட்டிகளின் லான் பௌல்ஸில் இந்தியா பெற்ற முதல் பதக்கம், அதுவும் தங்கம். அதே போட்டியில் இந்திய ஆடவர் நால்வர் அணியும் வெள்ளி பெற்றது.

பரிசுத் தொகைகளின் அறிவிப்புகள் பின்தொடர்ந்தன. இந்த இடத்தில் தென்கொரியாவின் ஓர் அனுபவத்தைச் சொல்லாமல் போக முடியவில்லை. 2018 ஒலிம்பிக்கில் வெள்ளி வென்று, பூண்டு விளையும் உய்சோங் வட்டாரத்திலிருந்து வந்ததால் 'பூண்டுப் பெண்கள்' என்று உலகப் புகழ் பெற்ற கொரிய மகளிர் கர்லிங் அணி அது. வெற்றி பெற்ற சில மாதங்களில், அவ்வாண்டு நவம்பரில், அந்தப் பெண்கள் தங்கள் நாட்டு ஒலிம்பிக் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினர். பயிற்சிப் பொறுப்பில் இருந்தவர்கள் தங்களை இழிவாக நடத்துவதாகவும், பரிசுப் பணம் தங்களுக்கு வந்து சேரவில்லை என்றும் அதில் கூறியிருந்தனர். அரசு விசாரணை நடத்தியது. மறு ஆண்டு வெளியான முடிவுகள் அந்தப் பெண்கள் சொன்னதை உறுதி செய்தன. பல்லாயிரம் பேர் பார்க்க ஒலிம்பிக் மேடையில் நின்றவர்களுக்கு, தங்கள் பெயரில் வந்த தொகை எவ்வளவு, அது எங்கே போனது என்று தெரிந்திருக்கவில்லை. அணியின் வரவுசெலவு வேறு, வீராங்கனையின் பரிசு வேறு. இரண்டாவது அவருடைய சொந்தக் கணக்கில், அவருடைய கைபேசிக்கே செய்தி வரும்படி வந்து சேர வேண்டும். விளையாடும் மகளோ தங்கையோ உள்ள வாசகர்கள் பயிற்சியாளரிடம் தயங்காமல் கேட்க வேண்டிய கேள்வி இது. நல்ல பயிற்சியாளர் இதனால் வருந்தமாட்டார். அந்தக் கொரிய அணி கலைந்துவிடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வேறு பயிற்சியாளருடன் தொடர்ந்து, 2022 பெய்ஜிங்கிலும் அதே கிம் யுன்–ஜங் தலைமையில் ஆடியது.

கர்லிங்கில் நடுவருக்குப் பெரும்பாலும் வேலை இருப்பதில்லை. ஓடும் கல்லின் மீது துடைப்பம் பட்டுவிட்டால், பட்டவரே கையை உயர்த்திச் சொல்லிவிடுவார். வேறு எவரும் பார்த்திருக்க மாட்டார்கள். ஆட்டம் முடிந்தபின் வென்றவர் தோற்றவருக்குப் பானம் வாங்கித் தருவதும் பழைய மரபு. பியோங்சாங்கின் கடைசிக் கல்லுக்குப் பின் மியூர்ஹெட் ஜப்பானியருடன் கைகுலுக்கியதும், பெய்ஜிங்கில் அவர்கள் அவருடன் கைகுலுக்கியதும் இந்த மரபின் வழியில்தான்.

நம் நால்வரில் நயன்மோனி சைக்கியாவுக்கு 2022ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருதும், பிங்கிக்கு 2023ஆம் ஆண்டுக்கானதும் வழங்கப்பட்டன. கிளாஸ்கோ நகரத்தின் 2026 காமன்வெல்த் போட்டி, செலவைக் கருதி, பத்தே விளையாட்டுகளாகச் சுருக்கப்பட்டது. இந்தியா வழக்கமாகப் பதக்கம் குவிக்கும் மல்யுத்தமும் பேட்மிண்டனும் ஹாக்கியும் அந்தப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. பௌல்ஸ் நீக்கப்படவில்லை. புல்வெளியை விட்டு உள்ளரங்கில் விரித்த தரைக்கு மட்டும் அதை மாற்றியிருக்கிறார்கள்.